தொகையை விரித்துப் பார்ப்போம்: புவிவெப்பக் கிணற்றுக் கருவிகளும் தமிழ்க் கலைச்சொற்களும்



இலக்கணமும் மொழியியலும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர், கொதிக்கும் பாறையில் துளையிடும் கருவிகளைப் பற்றி உரையாற்ற வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அக்கருவிகளின் செயற்பாட்டைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே இன்றைய நம் முயற்சி. அவ்வாறு சொல்லும்போது எந்தச் சொல் நிலைக்கிறது, எந்தச் சொல் நம்மைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்கிறது என்று காண்பதே நோக்கம். கலைச்சொற்பட்டியல்கள் நம்மிடம் பல உள்ளன. அவற்றைக் கொண்டு ஒரு கருவியின் வேலையை ஒருவருக்கு விளக்க இயலுமா என்பது வேறொரு வினா. அவ்வினாவையே இங்கு எழுப்புகிறோம்.

நிலத்தடி வெப்பம் நமக்கு அயலதன்று

செம்பவாங் வெந்நீரூற்றை அறியாதவர் இவ்வவையில் இரார். அங்கே குடும்பத்தோடு சென்று முட்டை வேகவைத்து உண்டவர்களும், காலை நனைத்து மூட்டுவலிக்கு இதம் தேடியவர்களும் இங்கே பலர் இருப்பீர்கள். அவ்வூற்றின் நீர் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வெளிவருகிறது. அண்மை ஆண்டுகளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவின் வடபகுதியில் துளையிட்டு ஆராய்ந்தபோது, சுமார் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 பாகை வெப்பநிலை அளக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பநிலை கூடும். அவ்விகிதப்படி அவ்வாழத்தில் ஏறத்தாழ 80 பாகையே இருந்திருக்க வேண்டும். ஆகவே எரிமலை இல்லாத இத்தீவிலும் புவிவெப்பம் என்பது வெறும் பாடநூற்செய்தியாக இனி இராது.

நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் இது நூறாண்டு பழைமையுடைய செய்தி. மேற்கு ஜாவாவின் கமோஜாங் பகுதியில் டச்சுக்காரர்கள் 1926இல் துளையிட்டு நீராவி கண்டனர். 1983இல் அங்கே 30 மெகாவாட் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மொழியில் இவ்வாற்றலுக்குப் பெயர் ‘பனாஸ் பூமி’. பனாஸ் என்பது வெப்பம். பூமி என்பதை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வடமொழியிலிருந்து அவர்களிடமும் நம்மிடமும் வந்து சேர்ந்த ஒரே சொல் அது. ஐஸ்லாந்து மொழியிலும் ‘நிலவெப்பம்’ என்று பொருள்படும் சொந்தத் தொடரே வழங்குகிறது. தமிழிலும் புவிவெப்பம் என்ற சொல் நன்கு வேரூன்றிவிட்டது. இதுவரை சிக்கல் ஏதுமில்லை. மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மாணவர் சுட்டிய பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். துளைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவர் பணியாற்றுகிறார். “என் வேலை என்ன என்று அம்மா கேட்கிறார்கள். ‘ஆயில் கம்பெனி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே விடைதான், ஐயா” என்றார்.

நாம் முன்பு பங்கேற்ற ஒரு கலைச்சொற்குழுவின் பட்டியலை எடுத்து அவரிடம் பெருமையோடு நீட்டினோம். அதில் ஒரு பதிவு ‘சேற்று மோட்டார்’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் சேறு என்ற சொல்லும் மோட்டார் என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு தொடருக்கு நாம் இட்ட பெயர் அது. அவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டார். “தண்ணீர் மோட்டார் என்றால் தண்ணீர் இறைக்கும். இதைச் சொன்னால் அம்மா நான் சேறு இறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. பள்ளியில் நாம் கற்பிக்கும் தொகைநிலைத் தொடரிலக்கணமே இப்பிழையைக் காட்டித் தந்திருக்க வேண்டும். தேர்ப்பாகன் என்பதைத் தேரை ஓட்டும் பாகன் என்று விரிக்கிறோம். பொற்குடம் என்பதைப் பொன்னாலாகிய குடம் என்று விரிக்கிறோம். முன்னதில் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் மறைந்துள்ளன. பின்னதில் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் மறைந்துள்ளன. தண்ணீர் மோட்டார் என்பது தண்ணீரை இறைக்கும் மோட்டார். துளைக்கிணற்றின் அடியிலுள்ள மோட்டாரோ பாய்மத்தால் சுழற்றப்படுவது. ஒன்றில் நீர் செயப்படுபொருள். மற்றதில் பாய்மம் கருவிப்பொருள். நம் குழு தொகையை விரித்துப் பார்க்கவில்லை. விரிப்பதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் இல்லாமையே அதற்குக் காரணம்.

இப்பிழைக்கு இன்னொரு சுவையும் உண்டு. அந்த மோட்டாரின் அடிப்படை 1930ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சுப் பொறியாளர் ரெனே முவானோ வகுத்த எக்கியே ஆகும். திருகு வடிவத் தண்டு ஒன்று, அதனினும் ஒரு புரி மிகுந்த திருகு வடிவ உறைக்குள் சுழலும். தண்டை நாம் சுழற்றினால் பாய்மம் நகரும். அப்போது அது எக்கி. பாய்மத்தை நாம் அழுத்திச் செலுத்தினால் தண்டு சுழலும். அப்போது அது மோட்டார். ஒரே பொறி இருவேறு வேற்றுமையில் இயங்குகிறது.

கிணற்றை நெறிப்படுத்துதல்

மாணவர் துணையோடு அக்கருவியின் வேலையை முறையாகக் கற்றோம். கற்றதைச் சுருங்கக் கூறுகிறோம்.

புவிவெப்பக் கிணற்றிலிருந்து ஆற்றல் பெற வெப்பமான பாறை மட்டும் போதாது. அதனூடே நீர் ஓட வெடிப்புகள் வேண்டும். வெடிப்புகள் பெரும்பாலும் செங்குத்தாக அமைந்திருக்கும். நேர்கீழாக இறங்கும் கிணறு அவற்றுக்கு இணையாகச் சென்று ஒன்றையும் தொடாமல் போகக்கூடும். சாய்ந்து செல்லும் கிணறு பலவற்றை ஊடறுக்கும். வெடிப்பில்லாத பாறையிலும் இன்று ஆற்றல் தேடுகின்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘ஃபோர்ஜ்’ எனப்படும் ஆய்வுக்களம் உள்ளது. அங்கே 2020 இறுதியில் தொடங்கி 2021 தொடக்கத்தில் முடிந்த ஒரு கிணறு, முதலில் நேர்கீழாக இறங்கிப் பின்னர் படிப்படியாக வளைந்து, செங்குத்திலிருந்து 65 பாகை சாய்வை எட்டியது. அதன் நீளம் ஏறத்தாழ 3,350 மீட்டர். அடியிலுள்ள கருங்கற்பாறையின் வெப்பநிலை 220 பாகைக்கும் மேல். 2023இல் அதற்கு ஏறத்தாழ 90 மீட்டர் மேலே, அதற்கு இணையாக இரண்டாவது கிணறு துளைக்கப்பட்டது. ஒன்றில் குளிர்நீரைச் செலுத்தி, இடைப்பாறையில் உண்டாக்கிய வெடிப்புகளின் வழியே வெந்நீராக மற்றதில் பெறுவது திட்டம். இரு கிணறுகளும் ஒன்றையொன்று விட்டு விலகினால் உழைப்பெல்லாம் வீண்.

இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கண் காணாத இடத்தில், துளைமுனையை எவ்வாறு திருப்புகின்றனர்? மோட்டாரின் உறை ஓரிரு பாகை அளவுக்கு வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். குழாய்த்தொடர் முழுவதையும் மேலிருந்து சுழற்றினால் அவ்வளைவும் சேர்ந்து சுழலும். துளை நேராகச் செல்லும். குழாயின் சுழற்சியை நிறுத்திவிட்டுப் பாய்மத்தை மட்டும் செலுத்தினால் துளைமுனை மட்டும் சுழலும். துளை வளைவு நோக்கிய பக்கம் திரும்பும். இவ்வளவே அதன் மறைபொருள்.

திரும்பிய துளை எங்கே செல்கிறது என்று அறிய வேண்டும். முனைக்குச் சற்று மேலே காந்தமேறாத உலோகக் குழாய்க்குள் உணரிகள் உள்ளன. புவியீர்ப்பை உணர்பவை சாய்கோணத்தை அளக்கின்றன. புவிக்காந்தத்தை உணர்பவை திசைக்கோணத்தை அளக்கின்றன. அளந்ததை மேலே அனுப்பக் கம்பி இல்லை. ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு ஒரு மூட்டாகத் திருகி இணைக்கப்பட்டுச் சுழலும் குழாயில் கம்பியைக் கொண்டுசெல்வது அரிது. ஆகவே கருவியிலுள்ள அடைப்பிதழ் ஒன்று திறந்து மூடிக் குழாயினுள் வரும் பாய்மத்தில் அழுத்தத் துடிப்புகளை எழுப்புகிறது. மேலே உள்ள அளவி அத்துடிப்புகளைப் படிக்கிறது. இரண்டே எழுத்துடைய நெடுங்கணக்கு அது. நொடிக்குச் சில எழுத்துகளே வரும். மொழியியலாளர்க்கு இதைவிடச் சிக்கனமான பேச்சு வேறெங்கே கிட்டும்!

180 பாகை என்னும் எல்லை

இக்கருவிகள் எண்ணெய்க் கிணறுகளுக்கென உருவானவை. அவற்றுள் பெரும்பாலானவை 150 முதல் 175 பாகை வரையே பணியாற்றும். அதற்கு மேல் ஏன் இயலாது என்பதற்கு விடை ஒன்றன்று. பல உறுப்புகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் கைவிடுகின்றன.

மோட்டாரின் உறை உட்புறத்தில் இரப்பரால் ஆனது. வெப்பத்தில் இரப்பர் உப்பித் தண்டை இறுக்கும். பின்னர் இறுகித் துண்டு துண்டாகப் பெயரும். மின்னணுப் பலகைகளில் வழக்கமாகப் பயன்பட்டுவந்த வெள்ளீய-காரீயப் பற்றாசு 183 பாகையில் உருகும். மின்கலத்திலுள்ள லித்தியம் 180.5 பாகையில் உருகும்; உருகினால் மின்கலம் வெடிக்கவும் கூடும். சிலிக்கான் சில்லுகளில் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் இருமடங்காகும். ஒரு நிலைக்குப் பின் சில்லால் ஆம் என்பதையும் இல்லை என்பதையும் வேறுபடுத்த இயலாது.

இவ்வெல்லையைத் தாண்டப் பொறியாளர்கள் உறுப்பு உறுப்பாக மாற்று தேடினர். இரப்பருக்கு மாற்றாக உலோகத்தோடு உலோகம் பொருந்தும் மோட்டார்களைச் செய்தனர். தூய லித்தியத்துக்கு மாற்றாக லித்திய-மக்னீசியக் கலவையைப் பயன்படுத்தினர். அல்லது பாய்ம ஓட்டத்தாலேயே சுழலும் சிறு டர்பைனால் மின்சாரம் பெற்றனர். சிலிக்கானுக்கு அடியில் மின்காப்புப் படலம் இட்ட சில்லுகள் 200 பாகைக்கு மேலும் கசிவைக் கட்டுப்படுத்தின. வேறு சிலர் மின்னணு உறுப்புகளை நம் வீட்டு வெந்நீர்க் குடுவை போன்ற வெற்றிடச் சுவர்க் குடுவைக்குள் வைத்தனர். ஆயினும் குடுவை வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. உள்ளிருக்கும் உறுப்புகளும் தம் பங்குக்கு வெப்பம் வெளியிடுவதால், சில மணி நேரமே அதற்கு ஆயுள்.

எல்லாவற்றுக்கும் மேலான காப்பு, இடையறாது ஓடும் பாய்மமே. மேலிருந்து வரும் குளிர்ந்த பாய்மம் கருவியின் வெப்பத்தைக் கொண்டுசென்று அதன் வெப்பநிலையைப் பாறையின் வெப்பநிலையைவிட வெகுவாகத் தாழ்த்தி வைக்கிறது. இவ்வாக்கியத்தில் வெப்பம், வெப்பநிலை என்ற இரண்டும் வந்திருப்பதை ஆசிரியர்கள் கருதுக. ஒன்று நகரும் ஆற்றல், மற்றது அளவு. நம் செய்தித்தாள்களிலும் பாடக்குறிப்புகளிலும் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வருகின்றன. வானிலைச் செய்தியில் அதனால் தீங்கில்லை. இங்கோ இரண்டையும் பிரிக்காமல் ஒரு வாக்கியமும் எழுத இயலாது.

இக்கருவிகளின் உண்மையான தேர்வுக்களம் ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் அமைந்தது. அங்கிருந்த 2,500 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றை 2016 ஆகஸ்டில் தொடங்கி ஆழப்படுத்தினர். 2017 ஜனவரியில் அது 4,659 மீட்டரை எட்டியது. அடியில் அளக்கப்பட்ட வெப்பநிலை ஏறத்தாழ 427 பாகை. தூய நீர் 374 பாகையைக் கடந்து உரிய அழுத்தத்தில் இருக்கும்போது, நீர் என்றோ ஆவி என்றோ பிரித்துச் சொல்ல இயலாத நிலையை அடைகிறது. அந்நிலையைத் தேடிச் சென்ற கிணறு அது. மூன்று கிலோமீட்டரைத் தாண்டிய பின் செலுத்திய நீர் முழுவதையும் பாறை உறிஞ்சிக்கொண்டது. துளைத்த கல்தூள்கூட மேலே வரவில்லை. ஆயினும் நீரைத் தொடர்ந்து செலுத்தியே துளைத்தனர். அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு பேக்கர் ஹியூஸ் நிறுவனம் 300 பாகையை இலக்காகக் கொண்டு உருவாக்கிய துளைமுனையும் உலோக மோட்டாரும் அங்கே பயன்பட்டன. 427 பாகைப் பாறையில் 300 பாகைக் கருவி பணியாற்றியதன் பொருள் இப்போது விளங்கும்: இடைவெளியை நிரப்பியது ஓடும் நீர்.

பெயர்களுக்கு மீள்வோம்

இச்செய்திகளை அறிந்த பின் பழைய பட்டியலை மீண்டும் எடுத்தோம். ‘உயர்வெப்பக் கருவி’ என்ற பதிவு கண்ணில் பட்டது. அதை விரிப்போம். உயர்வெப்பத்தைத் தரும் கருவியா? அது அடுப்பு. உயர்வெப்பத்தால் இயங்கும் கருவியா? அது நீராவிப் பொறி. உயர்வெப்பத்தைத் தாங்கும் கருவியா, உயர்வெப்பத்தில் இயங்கும் கருவியா? இவ்விரண்டும் நெருங்கியவை; ஆயினும் பட்டறையில் இவை வெவ்வேறு. ஒரு கருவி அணைந்த நிலையில் 200 பாகையைத் தாங்கிப் பிழைக்கலாம். அதே கருவி 175 பாகை வரை மட்டுமே இயங்கலாம். இரண்டையும் தனித்தனியே குறித்து வைப்பது தொழில்முறை. எனவே ‘வெப்பந்தாங்கு வரம்பு’, ‘இயங்கு வரம்பு’ என இரு சொற்கள் வேண்டும். ஆங்கிலத் தொடர் இவ்வேறுபாட்டை மறைத்து வைக்கிறது. தமிழ் வேற்றுமை அதை வெளியே கொண்டுவருகிறது.

கிணற்றை வளைத்துச் செலுத்தும் முறைக்குச் ‘சாய்வுத் துளையிடல்’ என்றும் ‘திசைத் துளையிடல்’ என்றும் இரு பெயர்கள் பட்டியலில் இருந்தன. முன்னது பொருந்தாது, விலகும் கிணற்றை நேராக நிறுத்தவும் இம்முறையே பயன்படுகிறது. பின்னதில் அரைப்பொருளே உள்ளது. பேச்சு வழக்கில் திசை என்றதும் நம் மனம் கிழக்கையும் மேற்கையும் எண்ணுமேயன்றிச் சாய்கோணத்தை எண்ணாது. ‘நெறிப்படுத்திய துளையிடல்’ என்பதை நாம் முன்வைக்கிறோம். நெறி என்பது வழி. நெறிப்படுத்துதல் என்பது வழி பிழையாமல் செலுத்துதல். அளத்தலும் திருத்தலும் அச்சொல்லுள் அடங்கும்.

துளையிடல் என்பதற்கு மாற்றாகத் துரப்பணம் என்ற சொல்லைச் சிலர் விரும்புகின்றனர். அகராதியில் துளையிடும் கருவியைக் குறித்து நிற்கும் நல்ல சொல் அது. ‘தோட்டம் துரவு’ என்று இன்றும் சொல்கிறோமே, அதிலுள்ள துரவு கிணறுதான். எனினும் எல்லாரும் அறிந்த துளை இருக்க, அதை ஒதுக்க நமக்கு மனமில்லை. சேறு என்ற சொல்லைக் கைவிட்டுத் ‘துளைப்பாய்மம்’ என்கிறோம். மோட்டார், டர்பைன் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறோம். அவை நம் வீடுகளுக்குள் வந்து நெடுநாளாயிற்று. சேற்று மோட்டார் இனிப் ‘பாய்ம மோட்டார்’. இதுவும் தொகையே; ஆகவே பட்டியலில் ‘பாய்மத்தால் சுழலும் மோட்டார்’ என்ற விரியையும் அருகே அச்சிட வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் விரி எழுத வேண்டுமென விதித்தால், பொருளறியாமல் ஒரு சொல்லையும் ஆக்க இயலாது. விரி எழுத வராத இடத்தில் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக் கேட்க நேரும். அவ்வழைப்பே நம் குழுக்களில் இதுகாறும் இல்லாதிருந்தது.

இது புதுநெறியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது, எதிரே மாணவர்கள் அமர்ந்திருந்தனர். சொல் விளங்காவிடில் நோயாளி துன்புறுவார் என்ற பொறுப்பு அவர் ஆக்கிய சொற்களின் பின்னே இருந்தது. கேட்போர் எதிரே இல்லாமல் ஆக்கப்படும் சொற்களுக்கு அப்பொறுப்பு வாய்ப்பதில்லை.

நம் நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாளை புவிவெப்பம் குறித்துப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வருமாயின் அது தமிழிலும் வரும். அதைப் படிக்கும் மூத்தவர் தம் வீட்டுக்கு வடக்கே நிலத்தடியில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்து வினவ வேண்டும். புரியாத தமிழில் வந்தால் அவர் அதை மடித்து வைத்துவிடுவார். தமிழில் அச்சிட்ட கடமை மட்டும் முடிந்திருக்கும்.

நிறைவாக ஒன்று. புதிய சொற்களை எடுத்துக்கொண்டு அம்மாணவர் வீடு சென்றார். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். உணவு மேசையில் ஒரு குழாயையும் கரண்டியையும் வைத்துத் தம் வேலையைத் தாயாருக்கு விளக்கினாராம். கொதிக்கும் பாறை, வளைந்த மோட்டார், மேலிருந்து ஓடி வந்து கருவியைக் குளிர்விக்கும் நீர் என எல்லாவற்றையும் கேட்ட அவ்வம்மையார், “தண்ணி நின்னு போச்சுன்னா அது என்னடா ஆகும்?” என்று கேட்டாராம்.

புவிவெப்பக் கிணற்றில் பணியாற்றும் ஒவ்வொருவரும் அஞ்சும் வினா அதுவே. குழாய் சிக்கிப் பாய்மம் நின்றால் பாறையின் வெப்பம் கருவியினுள் ஏறத் தொடங்கும். பல நூறாயிரம் வெள்ளி பெறும் கருவி பயனற்றுப் போகலாம். அதனாற்றான் வெப்பமிகு கிணற்றில் கருவியை இறக்கும்போதே இடையிடையே நிறுத்திக் குளிர்நீர் செலுத்துகின்றனர். மாணவர் அதையும் தமிழிலேயே விளக்கியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நடைபெறாத உரையாடல் அன்று நடைபெற்றது.

நாம் ஆக்கும் கலைச்சொல் பயன்படுகிறதா என்று அறிய நமக்கு வேறு அளவுகோல் தெரியவில்லை. கேட்டவர் அடுத்த வினாவைச் சரியாகக் கேட்டால், சொல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டியல் ஆக்குவோரும் பாடம் நடத்துவோரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டுகிறோம்.